நிரப்பும் முன் உள்ளே காற்று உண்டு

போன மாதம், நான் வேலை பார்த்த யார்டிலிருந்து பிரியதர்ஷினி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்த பெண். இப்போது அழுத்தச் சோதனைக்கு ஒரு கருவி வந்துவிட்டதாம். நிமிடத்துக்கு ஒரு முறை அழுத்தத்தையும் வெப்பத்தையும் அதுவே குறித்துக்கொள்கிறதாம். பழைய ரெஜிஸ்டர்களை எல்லாம் கணினியில் ஏற்றும் வேலை அவள் தலையில் விழுந்திருக்கிறது.

"சார், உங்க கையெழுத்துல இருக்கிற ஒவ்வொரு காத்து டெஸ்ட்டுக்கும் முதல் வரி ஒரே மாதிரி இருக்கு. 'நிரப்பும் முன் உள்ளே காற்று உண்டு'ன்னு. இது எந்த ஸ்டாண்டர்டுல வருது சார்? தேடித் தேடிப் பார்த்துட்டேன், கிடைக்கல."

"எதுலயும் வராதும்மா."

"அப்ப டைப் பண்ண வேணாம்ல?"

"பண்ணு," என்றேன். குரல் கொஞ்சம் கடுமையாகிவிட்டது போலிருக்கிறது. போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்று சமாதானம் சொன்னேன். பதிலுக்கு நீ எனக்கு ஒரு வேலை செய்து தர வேண்டும் என்றும் கேட்டேன். அது என்ன வேலை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் பெயர் தாமோதரன். காலடிப்பேட்டைக்காரன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து, பெரம்பூர் ரயில்வே பட்டறையில் ஒரு வருடம் அப்ரண்டிஸாக இருந்தேன். அங்கே நிரந்தர வேலை கிடைக்கவில்லை. எண்ணூர் போகும் சாலையில் டேங்குகளும் குழாய்களும் செய்யும் யார்டு ஒன்றில் சேர்ந்தேன். நாலு வருடம் ஸ்பானர் பிடித்தவனைக் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகச் சோதனைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கேதான் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தேன்.

எங்கள் பிரிவின் தலைவர் ஜெபராஜ் சார். ஒல்லியான மனிதர், அரைக்கை வெள்ளைச் சட்டை, பேண்ட் பாக்கெட்டில் எப்போதும் இரண்டு கைக்குட்டை. ஒன்று முகத்துக்கு, இன்னொன்று அழுத்தம் காட்டும் கேஜின் கண்ணாடிக்கு. இரண்டையும் அவர் மாற்றிப் பயன்படுத்தி நான் பார்த்ததே இல்லை. கத்த மாட்டார். டேங்கில் அழுத்தம் ஏறியிருக்கும்போது உட்கார மாட்டார், சாயா வந்தால்கூட நின்றபடிதான் குடிப்பார். முள் எங்கே நிற்கிறது என்று கேட்டதற்கு நான் ஒருமுறை "சுமாரா ரெண்டு சார்" என்று சொல்லிவிட்டேன். "சுமாருக்கு ரெஜிஸ்டர்ல கட்டம் இல்லையேப்பா," என்றார். அதற்குப் பிறகு அந்த வார்த்தையை வீட்டில்கூட நான் யோசித்துத்தான் சொல்வேன். என் மனைவி கத்தரிக்காய் எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டால் கிராம் கணக்கில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

காற்றடைத்துச் சோதிப்பதற்கு என்று அவர் ஒரு முறை வைத்திருந்தார். சாதாரணமாக டேங்கைத் தண்ணீர் நிரப்பித்தான் சோதிப்பார்கள். தண்ணீர் வெடிக்காது. உள்ளே ஈரம் படக்கூடாத டேங்காக இருந்தால்தான் காற்று. முதலில் சுற்றிலும் கயிறு கட்டிச் சிவப்புத் துணி தொங்கவிட வேண்டும். சுத்தியல் வைத்திருப்பவன் எவனும் கயிற்றுக்குள் வரக்கூடாது. கம்ப்ரஸரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் நிறுத்திக் காத்திருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு ஜாயிண்டிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியில் கேஜ் கண்ணாடியை அந்த இரண்டாவது கைக்குட்டையால் துடைத்து, விரல் நுனியால் ஒரே ஒரு தட்டு. முள்ளைப் பார்த்தவன் அளவை உரக்கச் சொல்லிவிட்டு முதுகைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அடுத்தவன் வந்து பார்த்து அவனும் உரக்கச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் பேனாவைத் திறக்கலாம்.

வெல்டர்களுக்கு எங்கள் யார்டில் ஆளுக்கொரு எண் உண்டு. தான் வைத்த ஜாயிண்டுக்குப் பக்கத்தில் அந்த எண்ணை இரும்பில் பஞ்ச் அடித்துவிட வேண்டும். டேங்க் எந்த ஊருக்குப் போனாலும் இது இன்னார் வேலை என்று அது சொல்லும். சோதனையில் ஜாயிண்ட் கசிந்தால் அந்த எண்ணை கிரைண்டர் வைத்துத் தேய்த்து அழித்துவிடுவார்கள். அப்புறம் ஒரு வருடத்துக்கு அந்த ஆளுக்கு அழுத்தம் தாங்கும் வேலை எதுவும் தர மாட்டார்கள். கேட், கிரில், படிக்கட்டுக் கைப்பிடி என்று அலைய வேண்டியதுதான்.

பதினேழாம் எண் காதர் பாய். தண்டையார்பேட்டைக்காரர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். ஆளை முழுதாக உள்ளே விழுங்கும் டேங்குக்குள் மல்லாந்து படுத்தபடி, தலைக்கு மேல் வெல்டிங் வைக்க அவரை விட்டால் அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. கேரம் போர்டிலும் அப்படித்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஷெட்டில் அவர் ஸ்ட்ரைக்கரைத் தொட்டால் மற்றவர்கள் எழுந்து வேறு வேலை பார்க்கப் போகலாம்.

ஒரு மாசி மாதம். பெரிய டேங்க் ஒன்று முடிந்திருந்தது. மற்ற ஜாயிண்டுகள் எல்லாம் எக்ஸ்ரே எடுத்துத் தேறிவிட்டன. அடிப்பக்கத்தில் குழாய் வந்து சேரும் நாசில் ஜாயிண்ட் ஒன்று மட்டும் பாக்கி. அந்த இடுக்கில் எக்ஸ்ரே பிலிம் வைக்க வழியில்லை. மூன்று நாள் உள்ளே படுத்து அதை முடித்தவர் காதர் பாய். டேங்கை வாங்கும் தரப்பிலிருந்து வந்திருந்த ஆய்வாளருக்கு அந்த ஜாயிண்டின் மேல் ஆரம்பத்திலிருந்தே ஒரு கண். மதியம் இரண்டு மணியிலிருந்து மறுநாள் காலை ஆறு மணிவரை காற்றை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

மதியம் இரண்டு மணிக்கு கேஜ் சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு கிலோ காட்டியது. டேங்குக்குள் நீட்டியிருந்த குழாயில் எண்ணெய் ஊற்றி அதில் தெர்மாமீட்டரை வைத்திருந்தோம். சிவப்பு பிரைமர் அடித்த இரும்பு, உச்சி வெயில். உள்ளே காற்று நாற்பத்தேழு டிகிரி. மறுநாள் காலை ஆறு மணிக்குக் கடல் காற்றுக்கு டேங்க் ஜில்லென்று இருந்தது. உள்ளே இருபத்தாறு டிகிரி. கேஜ் ஒன்று புள்ளி எட்டு.

முள் இறங்கியதைப் பார்த்து நான் பதறவில்லை. சூடு குறைந்தால் அழுத்தம் குறையும் என்பது எனக்குத் தெரியும். எவ்வளவு குறைய வேண்டும் என்று கணக்குப் போட எங்கள் பிரிவில் என்னை விட்டால் ஆள் இல்லை என்ற கர்வமும் இருந்தது. டிகிரியை அப்படியே போட்டு வகுத்துவிடக் கூடாது, இருநூற்று எழுபத்து மூன்றைக் கூட்டிக் கெல்வின் ஆக்க வேண்டும். அதை மறக்காமல் கூட்டினேன். நாற்பத்தேழு முந்நூற்று இருபது ஆயிற்று. இருபத்தாறு இருநூற்றுத் தொண்ணூற்று ஒன்பது. அந்த விகிதத்தில் இரண்டு கிலோ ஒன்று புள்ளி எட்டு ஏழாக இறங்கியிருக்க வேண்டும். இருந்ததோ ஒன்று புள்ளி எட்டு. புள்ளி பூஜ்யம் ஏழைக் காணோம்.

இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். அதே விடை. சோப்புத் தண்ணீரில் ஒரு குமிழிகூட வரவில்லை. மயிரிழைக் கீறல் என்றால் குமிழி கண்ணுக்குத் தப்பிவிடலாம் என்று நானே எனக்குப் பதில் சொல்லிக்கொண்டேன். கசிவு உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஜெபராஜ் சார் என் கூட்டல், பெருக்கல், வகுத்தல் எல்லாவற்றையும் விரல் வைத்துச் சரிபார்த்துவிட்டுக் கீழே அவரும் போட்டார். காற்றை இறக்கினார்கள். பத்து மணிக்கு ஆய்வாளர் முன்னால் கிரைண்டர் சத்தம் கேட்டது. பதினேழு போன இடம் வெள்ளையாகப் பளபளத்தது. மறுநாள் காலை ஜாயிண்டையே வெட்டி எடுத்துவிட முடிவாயிற்று.

அன்று மதியம் ஷெட்டில் கேரம் போர்டு சும்மா கிடந்தது. காதர் பாய் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னா நைனா, என் ஜாயிண்டு கசியுதுன்னு எழுதிட்டியாமே. எங்க கசியுதுன்னு காட்டு. நானே வெட்டித் தரேன்."

"இடம் தெரியல பாய். கணக்குல தெரியுது."

"கணக்கு இன்னா சொல்லுது, எனக்குப் புரியற மாதிரி சொல்லேன்."

எனக்கு அவர் மேல் பாவமாக இருந்தது. கூடவே, ஒன்றும் தெரியாதவருக்குப் பாடம் எடுக்கும் மிதப்பும் இருந்தது. அதை இப்போது ஒளிக்க வேண்டியதில்லை. கேரம் காய்களைக் கொட்டிப் பரப்பினேன். காற்று என்பது இந்த மாதிரிக் கோடானுகோடிக் காய்கள் பாய் என்றேன். சும்மா கிடக்காது. நாலா பக்கமும் பறந்துகொண்டே இருக்கும். ஒன்றோடொன்று மோதும், மோதினால் ஒட்டாது, ஒன்றையொன்று இழுக்காது. ஒன்றின் வேகம் இன்னொன்றுக்குப் போகும், ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் வேகம் தீர்ந்துபோகாது. உங்கள் போர்டில் பவுடர் போட்டாலும் காய் கடைசியில் நின்றுவிடும், காற்றில் நிற்கவே நிற்காது. அதெல்லாம் இரும்புச் சுவரில் வந்து இடிக்கிற இடிதான் அழுத்தம். இடி எண்ணிக்கையில்லாமல் விழுவதால் முள் ஆடாமல் நிற்கிறது. சூடாக இருந்தால் வேகமாகப் பறந்து பலமாக இடிக்கும், குளிர்ந்தால் மெதுவாக இடிக்கும். காய் ஒன்றுகூடக் குறையாவிட்டாலும் காலையில் முள் இறங்கும். எவ்வளவு இறங்க வேண்டுமோ அதற்கு மேல் இறங்கினால், சில காய்கள் வெளியே ஓடிவிட்டன என்று அர்த்தம்.

காதர் பாய் குறுக்கே பேசாமல் கேட்டார். ஸ்ட்ரைக்கரை எடுத்து விரலால் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"சரி. நீ காத்து ஏத்தறதுக்கு முன்னாடி முள்ளு எங்க இருந்துச்சு?"

"பூஜ்யத்துல."

"அப்ப உள்ள ஒரு காய்கூட இல்ல?"

நான் போர்டில் கிடந்த காய்களைப் பார்த்தேன்.

"மூணு நாளு நான் உள்ள மல்லாந்து படுத்துகினு வெல்டிங் வச்சேனே நைனா. அப்ப இன்னாத்த மூச்சு வுட்டேன்?"

மூடியை மாட்டும்போது டேங்க் நிறையக் காற்று இருந்தது. யார்டு முழுக்க இருக்கிற காற்று, அவர் மூச்சு விட்ட காற்று. அதுவும் உள்ளிருந்து இடித்துக்கொண்டுதான் இருந்தது. வெளிக்காற்று அதே பலத்தில் வெளியிலிருந்து இடிப்பதால் கேஜ் அதைக் காட்டாமல் பூஜ்யம் என்றது. போர்டில் ஏற்கெனவே கிடந்த காய்களை விட்டுவிட்டு, நான் புதிதாகப் போட்டதை மட்டும் எண்ணியிருக்கிறேன். ராத்திரி குளிர்ந்தபோது எல்லாக் காய்களும்தானே மெதுவாகியிருக்கும்?

சாப்பாட்டுப் பொட்டலத்துக் காகிதத்திலேயே கணக்குப் போட்டேன். வெளிக்காற்றின் அழுத்தம் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அதைக் கூட்டி, விகிதத்தில் பெருக்கி, கடைசியில் மறுபடி கழித்தேன். ஒன்று புள்ளி எட்டு. கேஜ் காட்டிய அதே ஒன்று புள்ளி எட்டு. ஒரு காய்கூட வெளியே போகவில்லை.

டிகிரிக்கு இருநூற்று எழுபத்து மூன்று கூட்டத் தெரிந்தவனுக்கு, அழுத்தத்துக்கு ஒன்று கூட்டத் தெரியவில்லை.

காதர் பாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் காகிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன். ஷெட்டிலிருந்து ஜெபராஜ் சாரின் அறைக்கு நூறடி இருக்கும். அந்த நூறடிக்குள் என்னென்ன நினைத்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த மாதம்தான் எனக்குப் பதவி உயர்வு வர வேண்டியிருந்தது. ஜாயிண்டை வெட்டிவிட்டு மறுபடி வைத்தால் யாருக்குத் தெரியப் போகிறது என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. எண் அழிந்த இடம் கண்ணில் பட்டது. காலைக் கொஞ்சம் வேகமாகப் போட்டு அறைக்குள் போய்விட்டேன்.

உள்ளே ஆய்வாளரும் இருந்தார். காகிதத்தை மேஜையில் வைத்து, "கசிவு இல்ல சார். என் கணக்குதான் தப்பு," என்றேன்.

ஜெபராஜ் சார் காகிதத்தைப் படித்தார். எண்ணெய்க் கறை பட்ட இடத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு, "உரக்கச் சொல்லுப்பா," என்றார். முதலிலிருந்து கடைசிவரை உரக்கச் சொன்னேன். முதுகைத் திருப்பிக்கொள்ளச் சொல்லவில்லை, அது ஒன்றுதான் பாக்கி. பிறகு அவர் தனியாக ஒரு தாளில் போட்டுப் பார்த்தார். அவருக்கும் அதே விடை வந்தது.

"காலையில கசிவு, மதியம் கசிவு இல்ல. நாளைக்கு என்ன சொல்வீங்க?" என்று ஆய்வாளர் எரிந்து விழுந்தார்.

"நாளைக்கு மறுபடி காத்து அடைச்சுப் பார்ப்போம் சார். காலையில எத்தனை டிகிரி இருந்தா முள் எங்க நிக்கணும்னு முன்னாடியே எழுதி உங்க கையில தந்துடறோம்," என்றார் ஜெபராஜ் சார். குரல் எப்போதும்போலத்தான் இருந்தது.

பிறகு ரெஜிஸ்டரை என் பக்கம் திருப்பினார். பக்கத்தைக் கிழிக்க விடவில்லை. தப்பின் மேல் ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது படிக்கும்படி. பக்கத்தில் என் கையெழுத்து. நான் போட்டு முடித்ததும் பேனாவை வாங்கி அவரும் போட்டார். "கூட்டல் சரியான்னு பார்த்தேன். எதைக் கூட்டியிருக்கேன்னு பார்க்கல," என்றார். அவர் காது சிவந்திருந்தது. அத்தனை வருடத்தில் அந்த ஒரு முறைதான் அப்படிப் பார்த்தேன்.

மறுநாள் மதியம் அடைத்தோம். அதற்கடுத்த காலை ஆறு மணிக்குக் கயிற்றுக்குள் ஆய்வாளரோடு நாலு பேர் போனோம். ஜெபராஜ் சார் கண்ணாடியைத் துடைத்து, ஒரு தட்டு தட்டிவிட்டு, "முதல்ல நீங்க பாருங்க பாய்," என்றார். வெல்டரை கேஜ் பார்க்கச் சொல்லி அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. காதர் பாய் குனிந்து ரொம்ப நேரம் பார்த்து உரக்கச் சொன்னார். ஆய்வாளர் தன் பாக்கெட்டில் இருந்த சீட்டைப் பிரித்து, அன்றைய டிகிரிக்கு நேரே எழுதியிருந்ததைப் பார்த்தார். இரண்டும் ஒன்றாக இருந்தன. அவர் சீட்டை மடித்துக்கொண்டு, சரி, பஞ்ச் அடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

காற்றை இறக்கிய பிறகு காதர் பாயிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் மகான் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சொம்மா வாயால சொல்லிட்டுப் போறதுக்கு அது இன்னா சாக்பீஸ்ல எழுதின நம்பரா? ரெண்டு நாளா எல்லாரும் என்ன ஒரு மாதிரி பாக்கறானுங்க. நீதான அழிக்க வச்சே? நீயே அடி."

சுத்தியலையும் எண் பஞ்ச்சையும் என் கையில் திணித்தார். ஒரே அடியில் விழ வேண்டும், இரண்டாவது அடி அடித்தால் எழுத்து இரட்டையாகிவிடும். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். ஒன்று நேராக விழுந்தது. ஏழு சாய்ந்து விழுந்தது. அவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சுத்தியலை வாங்கிக்கொண்டு போனார். ஒரு வாரம் என்னோடு பேசவே இல்லை. அடுத்த வாரம் கேரம் ஆட ஆள் குறைந்தபோது, "வா நைனா, நீயாவது தோத்துட்டுப் போ," என்று கூப்பிட்டார்.

அந்த வருடம் எனக்குப் பதவி உயர்வு வரவில்லை. அதற்கடுத்த வருடமும் வரவில்லை. வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதற்குப் பிறகு காற்றுச் சோதனைக்கு எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், வேறு எதையும் எழுதுவதற்கு முன் அந்த ஒரு வரியை எழுதிவிட்டுத்தான் கம்ப்ரஸரைப் போடச் சொல்வேன். பிரியதர்ஷினி கேட்டதற்கு இதுதான் பதில்.

நான் அவளிடம் கேட்ட வேலை இது. அந்த டேங்க் இன்னும் எண்ணூரில்தான் நிற்கிறது. பராமரிப்புக்காக எங்கள் யார்டு ஆட்கள் அங்கே போய் வருவார்கள். அடுத்த முறை போகும்போது அடிப்பக்கத்து நாசில் ஓரம் பெயிண்டைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்து ஒரு போட்டோ அனுப்பச் சொன்னேன். போன வியாழக்கிழமை அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமைகளில் நான் தண்டையார்பேட்டைக்குப் போவது வழக்கம். காதர் பாய்க்கு இப்போது நுரையீரல் சரியில்லை. நாற்பது வருட வெல்டிங் புகை. நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான் தொழுகிறார். பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர், மூக்கில் குழாய். சிலிண்டரின் கேஜை இரண்டு பேருமே பார்க்காத மாதிரிதான் பார்ப்போம்.

போட்டோவை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைத் தூரமாகப் பிடித்தார், பிறகு கிட்டத்தில் பிடித்தார். துருவுக்கும் பெயிண்டுக்கும் நடுவில் ஒன்று நேராகவும் ஏழு சாய்ந்தும் தெரிந்தன.

"எம்மாங் கோணலா அடிச்சி வச்சிக்கீற பாரு," என்றார். இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்ததை அன்றைக்குத்தான் சொன்னார். பிறகு, "தாங்குதா?" என்று கேட்டார்.

"தாங்குது பாய். ஒரு சொட்டுக் கசிவு இல்லையாம்."

தலையை ஆட்டினார். போனைத் திருப்பித் தரவில்லை, மடியில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் கேஜைப் பார்த்தேன். முள் பூஜ்யத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. மூலையில் இருந்த அடுத்த சிலிண்டரை உருட்டிக்கொண்டு வர எழுந்தேன்.

"இன்னாத்துக்கு இப்பிடிப் பறக்கற?" என்றார், இழுத்து இழுத்து மூச்சு வாங்கிக்கொண்டு. "பூஜ்யம்னா காலியா நைனா? உள்ள இன்னும் ஒண்ணு கீதுல்ல?"

அந்த ஒரு கிலோ வெளியே வராது பாய் என்று சொல்லத் தோன்றியது. அவருக்கும் அது தெரியும். சிரித்துக்கொண்டிருந்தார். நான் சாவியை மாட்டிப் புது சிலிண்டரைத் திறந்தேன், கேஜ் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்து ஒரு தட்டு தட்டினேன், அளவை உரக்கச் சொன்னேன்.

அவர் கழுத்தை நீட்டிப் பார்த்து அதையே திருப்பிச் சொன்னார்.